உள்ளே ஒன்றும் இல்லை

ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் என் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும், மற்ற மூன்று பக்கமும் வெறும் வெள்ளைத் தெர்மாகோல், யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, துப்பட்டா முனையை மேலே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, போட்டுக்கொண்டேன். பஸ் கேளம்பாக்கத்தை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பது ஐம்பது. பதினொன்றரைக்குக் கிண்டியில் இருக்க வேண்டும். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில் ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கும், எனக்காக என்றால் வசுமதிக்காக, முப்பத்தாறு வயது, இன்னும் நிரந்தரமாகாத ஆராய்ச்சி உதவியாளருக்காக. இரண்டு மாதத்துக்கு முன்பு பதிவு செய்த ஒரு மணி நேரம் அது. விட்டால் அடுத்தது இன்னும் இரண்டு மாதம் கழித்து, அதற்குள் மார்ச் முடிந்துவிடும், மார்ச்சோடு எங்கள் திட்டமும் முடிந்துவிடும். நீட்டிப்புக் கேட்டு எழுத ஒரு படம் வேண்டும், ஒரே ஒரு படம், வட்டமாக, முழுசாக. மூன்று முறை போய் வந்தாயிற்று, மூன்று முறையும் நொறுங்கிய அப்பளம் மாதிரி உடைந்த துகள்களைத்தான் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்குக் காரில் போயிருக்க வேண்டியது. எங்கள் ஆய்வகத்துக் கார் யாரோ விருந்தாளியை அழைத்து வர ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. வாடகைக் கார் வந்தது, டிரைவர் பெட்டியைப் பார்த்து, "இன்னா மேடம், டேஞ்சர் மாதிரி போட்டிருக்கு?" என்று கேட்டார். "வைரஸ் மாதிரி ஒரு துகள், ஆனா வைரஸ் இல்லைங்க" என்றேன். மொத்தம் ஏழு சொல், அதில் இரண்டு வைரஸ். அவர் அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவைக்கூடச் சரியாகச் சாத்தவில்லை, சாத்தாத கதவோடு அந்தக் கார் திரும்பி ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவு செய்தேன், இனி அந்தச் சொல் என் வாயிலிருந்து வராது.

பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார், ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும், தலை நிறைய மல்லி, மடியில் ஒரு பழத்தட்டு. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். "மீனாம்மா?" "இல்லைங்க, ஐஸ்." "ஐஸா?" பெட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "ஐஸை எதுக்கும்மா ஐஸ்பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போறே? அங்க ஐஸ் கிடைக்காதா?" நியாயமான கேள்வி, "இது வேற ஐஸ்" என்றேன், அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டிவிட்டுத் தன் கதைக்குப் போனார், பெயர் கஸ்தூரி, மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார், சைதாப்பேட்டையில் பெண் வீடு, மகனும் தம்பியும் பைக்கில் முன்னால் போய்விட்டார்கள், பைக்கில் போனால் முடி கலையும் என்று இவர் பஸ்ஸில் வருகிறார், பெண் கம்ப்யூட்டர் படித்தவள், இவருக்குத்தான் பயமாக இருக்கிறது. "நம்மள அவளுக்குப் பிடிக்கணுமே" என்றார். நான் உம் கொட்டினேன், ஏனென்றால் எனக்குள் அப்போது ஒரு கை ஓடிக்கொண்டிருந்தது, என் வலது கை, காலை எட்டு மணியின் கை. நீல மூடிக் குழாயை அது எடுக்கிறது, ரேக்கில் வைக்கிறது, வெள்ளை மூடிக் குழாயை எடுக்கிறது, வைக்கிறது, இரண்டையும் டப்பாவுக்குள் போடுகிறது, டப்பாவைப் பையில் போட்டு மூடி ஐஸுக்குள் புதைக்கிறது, எல்லாம் தெரிகிறது, நீல மூடியை இறுக்கித் திருகியது மட்டும் தெரியவில்லை. திருகினேனா? திருகாமல் வைக்கிற ஆளா நான்? இல்லை. ஆனால் போன மாதம் வீட்டில் கேஸை அணைக்காமல் வந்த ஆளும் நான்தான்.

நீலத்தில்தான் சரக்கு இருக்கிறது. வெள்ளையில் அந்தச் சரக்கு இல்லாத வெறும் செல் சாறு, ஒப்பிட்டுப் பார்க்க. நீலத்தில் இருப்பதை ஏழு வருஷமாக வீட்டில் விளக்கிப் பார்த்துவிட்டேன். மனிதனுக்கு வாந்தி பேதி வர வைக்கிற நோரோ என்று ஒரு வைரஸ், அதை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரிய தலைவலி, சாதாரணமாக நாம் வளர்க்கிற செல்லில் அது வளராது, வளர்ந்தாலும் ஆபத்து. அதனால் அதன் மேல் ஓட்டுக்கான குறிப்பை மட்டும் எடுத்து ஒரு பூச்சி செல்லுக்குள் விடுவோம், அந்தச் செல் ஓட்டுப் புரதத்தைச் செய்து தள்ளும், அந்தப் புரதங்கள் தாமாகவே கைகோத்து உருண்டையாகிவிடும், வெளியே பார்த்தால் அசல் வைரஸ், உள்ளே ஒன்றும் இல்லை, பெருகாது, தொற்றாது. நான் மூச்சு விடாமல் இதைச் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்டார், "உள்ள ஒண்ணும் இல்லாததுக்கா இத்தன வருஷம் படிச்சே?" அன்றிலிருந்து அவர் உறவுக்காரர்களிடம் நான் ஊறுகாய்க் கம்பெனியில் தரம் பார்ப்பதாகச் சொல்லி வருகிறார். அப்பாவிடம் வேறு சிக்கல். பெரம்பலூரில் அப்பாவுக்கு மக்காச்சோளம், மக்காச்சோளத்துக்குப் படைப்புழு, விடிந்தால் மருந்தடிப்பு. நான் வளர்க்கிற பூச்சி செல் அந்தப் படைப்புழுவின் செல்தான், அதற்கு இருபத்தேழு டிகிரி வைத்து, சத்துநீர் மாற்றி, ஞாயிற்றுக்கிழமையும் போய் நலமா என்று பார்த்துவிட்டு வருகிறேன். தெரியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். போனில் அப்பா தொண்டையைச் செருமினார். அப்புறம், "நல்லாத் தின்னுதா?" என்றார். "நல்லாத் தின்னுதுப்பா." "திங்கும்" என்றார், வைத்துவிட்டார்.

திருகினேனா. சோழிங்கநல்லூரில் பஸ் நின்றது, மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாக மறித்திருந்தார்கள், மறித்ததைப் பார்ப்பதற்காகவே எல்லா வண்டிகளும் வந்து நின்ற மாதிரி இருந்தது. மாசி வெயில் ஜன்னல் கம்பி வழியாக நேராகப் பெட்டியின் மேல் விழுந்தது. கையால் மறைத்தேன். கை சுட்டது. கை சுட்டால் கை வழியாகப் பெட்டி சுடுமோ என்று எடுத்துவிட்டேன். நாலு டிகிரியில் இருக்க வேண்டியது, ஐஸ் இருக்கிறவரை பயமில்லை, அரை மணி வெளியே கிடந்தாலும் அந்த உருண்டைகள் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், டாக்டர் கோதண்டபாணிக்கும் தெரியும். அவர் எங்கள் குழுவின் தலைவர், மெல்லிய குரல், ஏழு வருஷத்தில் சத்தம் போட்டதில்லை, காலையில் வாசல்வரை வந்து, "வசுமதி, ஐஸ் போதுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் இருந்தது திட்டமா, நானா, அவருடைய ஓய்வுக்கு மிச்சம் இருக்கிற இரண்டு வருஷமா, எது என்று தெரியவில்லை, எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். பஸ் நகர்ந்தது. நகர்ந்த அதே நேரத்தில் முன் ஸீட்டில் இருந்த கல்லூரிப் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். வாந்தி. நோரோ. நீல மூடி. திருகவில்லை, கசிந்துவிட்டது, டப்பாவைத் தாண்டி, ஐஸைத் தாண்டி, தெர்மாகோலைத் தாண்டி, முன் ஸீட்டுக்குப் போய்விட்டது. இல்லை, அறிவு இருக்கிறதா உனக்கு, உள்ளே ஒன்றுமில்லாத ஓடு அது, ஓடு எப்படி வாந்தி வர வைக்கும், அசல் நோரோவே ஆனாலும் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும், நீ பஸ் ஏறி அரை மணிதான் ஆகிறது, கணக்குப் போடு, போட்டேன், சரியாக வந்தது, ஆனாலும் அந்தப் பெண்ணின் பின்னந்தலையைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். "காலையில பூரி சாப்பிட்டிருப்பா" என்றார் கஸ்தூரி அம்மாள். எனக்கு அந்தப் பூரியின் மேல் அவ்வளவு நன்றி வந்தது.

பெருங்குடி போயிற்று. கந்தன்சாவடி வரும்போது மணி பத்து ஐம்பத்தைந்து, சரியாகத்தான் போகிறது, இப்படியே போனால் ஐந்து நிமிஷம் மிச்சம்கூட வரும், நான் இப்படி நினைத்திருக்கக் கூடாது. ஒரு பைக் எங்கிருந்தோ குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே உடம்பாக முன்னால் போய்த் திரும்பினோம், நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், கஸ்தூரி அம்மாள் பழத்தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், ஆகவே அவருடைய நெற்றியைப் பிடிக்க யாருக்கும் கை இல்லை. முன் ஸீட்டு இரும்புக் கம்பியில் மடேர் என்று பட்டது. ரத்தம் இல்லை. நல்ல வேளை என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் பொட்டுக்கு மேலே ஒரு மேடு எழும்பியது, கண்முன்னாலேயே, எலுமிச்சை அளவுக்கு. அவர் தொட்டுப் பார்த்தார், அருகில் இருந்தவர் நீட்டிய போன் கண்ணாடியில் பார்த்தார். "ஐயோ, மாமியார்க்காரி கொம்போட வந்திருக்கான்னு அந்தப் பொண்ணு நினைக்காதா?" என்றார், சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தார், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்டக்டர் வந்தார், "தண்ணி குடு, தண்ணி குடு" என்று நாலைந்து பேர் சொன்னார்கள், ஒருவர் "ஐஸ் வச்சா உடனே அமுங்கிடும்" என்றார், "ஐஸுக்கு எங்கய்யா போறது" என்றார் இன்னொருவர். அப்போது கஸ்தூரி அம்மாள் மெதுவாகத் திரும்பி என் மடியைப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து கண்டக்டர் பார்த்தார். அப்புறம் மொத்த பஸ்ஸும் பார்த்தது.

அந்த இரண்டு விநாடியில் நான் யோசித்ததை எழுதினால் இரண்டு பக்கம் வரும். ஆய்வக ஐஸ் வெளியே போகக் கூடாது, விதி. ஆனால் ஐஸ் ஏற்கெனவே வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. வாயில் போடக் கூடாது, சரி, நெற்றி வாய் இல்லை. குழாய் டப்பாவுக்குள், டப்பா ஜிப் போட்டு மூடிய பைக்குள், பை ஐஸுக்குள், ஐஸ் எதையும் தொடவில்லை, தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் மூடி, நீல மூடி. ஐஸ் குறைந்தால்? கிண்டி போவதற்குள் தண்ணீராகிவிட்டால்? நான்காவது அப்பளம், மார்ச், டாக்டர் கோதண்டபாணியின் முகம், ஐஸ் போதுமா வசுமதி. இல்லைங்க, தர முடியாது என்று சொல்லலாம், ஏன் என்று கேட்பார்கள், அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வரும், அதைச் சொன்னால் இந்த பஸ்ஸும் கதவைச் சாத்தாமல் ஓடும், பஸ் ஓடும் என்றால் என்னை இறக்கிவிட்டுவிட்டு ஓடும். கஸ்தூரி அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, உனக்கு வேற எதுக்கோ வேணும்போல" என்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கைக்குட்டையை விரித்துப் பெட்டியைத் திறந்தேன், ஓரத்திலிருந்து இரண்டு பிடி ஐஸ் அள்ளி முடிச்சுப் போட்டு அவர் நெற்றியில் வைத்தேன். "அப்பாடா" என்று கண்ணை மூடினார். நானும் கிட்டத்தட்ட மூடிவிட்டேன், அப்போதுதான் கண்டக்டரின் குரல் கேட்டது: "மேடம். இது என்ன படம்?"

பெட்டியைத் திறக்கத் திருப்பியிருக்கிறேன். ஆரஞ்சுப் பக்கம் நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது, மூன்று பிறையும் ஒரு வட்டமுமாக, உலகத்துக்கே தெரிந்த அந்த உயிரி அபாயப் படம். இனி மறைத்து என்ன. எழுந்து நின்று, ஏழு வருஷமாக எல்லாரிடமும் தோற்றுப்போன அந்த விளக்கத்தை, கந்தன்சாவடியில், நாற்பது பேருக்கு மத்தியில் சொன்னேன், வைரஸோட மேல் ஓடு மட்டும், உசிர் கிடையாது, உள்ள ஒண்ணும் இல்ல, பெருகாது, ஒட்டாது, கைப்பையில் முத்திரை போட்ட கடிதம் இருக்கு, காட்டட்டுமா. முன் ஸீட்டுப் பெண் வாந்தியை மறந்து திரும்பிப் பார்த்தாள். ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கும் வாசல் பக்கம் போனார். முடிந்தது என்று நினைத்தேன், அடுத்த ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "இரும்மா" என்றார் கஸ்தூரி அம்மாள், ஐஸ் மூட்டையை எடுக்காமலே, ஒரு கண்ணை மட்டும் திறந்து. "சட்டை இருக்கு, ஆளு இல்ல. அப்படித்தானே?" "ஆமாங்க." "அப்புறம் என்னய்யா" என்று கண்டக்டரைப் பார்த்தார், "கொடியில காயிற சட்டை வந்து உன்ன அடிக்குமா?" கண்டக்டர் பெட்டியையும் என்னையும் பார்த்தார். "அடிக்காது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா சட்டைய வச்சு என்ன மேடம் பண்ணுவீங்க?" "உடம்புக்கு முன்னாடியே காட்டி வைக்கலாம்ங்க, அசல் வரும்போது அடையாளம் தெரியும். தடுப்பூசி செய்யலாமான்னு பாக்கறோம்." அவர் முகம் தெளிந்தது. "போலீஸ் நாய்க்குத் திருடனோட சட்டைய மோந்து பாக்கக் குடுப்பாங்களே!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார், வாசல்வரை போனவர் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷம். இரண்டு பேர், இரண்டு வாக்கியம். எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது, மீதி சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் பயம் போனதும் உரிமை வந்துவிட்டது, பின்னாலிருந்து ஒருவர் பல்வலி என்று ஒரு துண்டு ஐஸ் கேட்டார், வாயில் போடக் கூடாது என்று நான் கத்த, கன்னத்துக்கு வெளியே வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து வாங்கிப்போனார், டிரைவரிடமிருந்து கழுத்துக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று தகவல் வந்தது. பெட்டியை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். "போதும்" என்றார் கண்டக்டர் எனக்காக. "தடுப்பூசி உருகிடும்."

கிண்டியில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்காது, அன்றைக்கு நின்றது, வாசலிலேயே. கஸ்தூரி அம்மாளின் மேடு பாதியாகியிருந்தது, மிச்சத்தை மறைக்கப் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், மருத்துவக் குறிப்பு மாதிரி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இறங்கி ஓடினேன், ஓடினால் குலுங்கும் என்று நடந்தேன், நடந்தால் நேரமாகும் என்று இரண்டுக்கும் நடுவே ஒரு நடை நடந்தேன், காவலாளி எழுந்து நின்று பார்த்தார். மைக்ரோஸ்கோப் அறையில் ஆபரேட்டர் ஃபிலோமினா, அந்த அறைக் குளிருக்கு வருஷம் முழுவதும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறவர், கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு இருபத்தெட்டு. ரெண்டு நிமிஷம் இருக்கு, மூச்சு விட்டுக்கோங்க" என்றார். பெட்டியைத் திறந்தேன். தண்ணீர்தான், ஆனால் நடுவில் இன்னும் ஒரு கை ஐஸ் மிதந்தது, டப்பா இருந்த பை அதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நீல மூடியைத் திருகினேன், வரவில்லை, அவர் திருகினார், வரவில்லை, கடைசியில் துணி சுற்றித் திறந்தோம், அவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறேன். ஒரு துளியை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய செப்பு வலையில் விட்டு, ஒற்றி, சாயம் விட்டு, ஒற்றி, காயவிட்டு, கருவிக்குள் ஏற்றி, உள்ளிருக்கும் காற்றை அது உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்தேன். பக்கத்தில் ஃபிலோமினா கிராம்பு மென்றுகொண்டிருந்தார்.

வலையின் முதல் கட்டத்தில் வெறும் சாம்பல் நிறம். இரண்டாவதில் வலை கிழிந்திருந்தது. மூன்றாவதில் சாம்பலுக்கு நடுவே ஏதோ புள்ளி புள்ளியாக, "பெரிசு பண்ணட்டுமா?" "பண்ணுங்க." பெரிதானது. நான் பார்த்துவிட்டேன், ஆனால் பார்த்தேன் என்று என்னிடமே சொல்லவில்லை, சொன்னால் போய்விடும், மூன்று முறை போயிருக்கிறது, குமிழியாக இருக்கலாம், சாயக் கறையாக இருக்கலாம், நான் வேண்டும் வேண்டும் என்று பார்ப்பதால் கண் செய்து காட்டுவதாக இருக்கலாம். "இன்னும் பெரிசு." வட்டம். முழுசாக. வெள்ளை விளிம்பு, நடுவில் சாயம் போய்த் தேங்கிய கருப்பு, உள்ளே இடம் இருப்பதால்தானே சாயம் போகிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இரண்டு, கோலப்புள்ளி மாதிரி திரை ஓரம் வரைக்கும். வெள்ளை மூடியையும் ஏற்றிப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று அதையும் ஏற்றினோம், அதில் ஒரு வட்டம்கூட இல்லை, சுத்தமாக இல்லை, மறுபடி நீலத்துக்கு வந்தோம், எல்லாம் அங்கேயே இருந்தன. டாக்டர் கோதண்டபாணியைப் போனில் கூப்பிட்டேன். "சார், இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுவது கேட்டது, கதவு சாத்தப்படுவது கேட்டது. "எத்தனை?" என்றார், ரொம்ப மெதுவாக. "நிறைய சார்." "எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்." ஸ்பீக்கரில் போட்டு எண்ணினேன், சத்தமாக, விரலைத் திரைக்கு அருகே வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று. ஃபிலோமினா ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் விட்டதையெல்லாம் பிடித்துக் கொடுத்தார், பதினேழு, அதோ பதினெட்டு, மூலையில ஒண்ணு. போனில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது, யாரோ என்ன, அவர்தான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்றில் விரலை வைத்தேன். "அது தூசு" என்றார் ஃபிலோமினா. இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அது தூசு இல்ல!" என்று, படத்தைப் பார்க்காமலே, போனிலிருந்து டாக்டர் கோதண்டபாணி கத்தினார்.